தலை பிடிக்கிறவள்

விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என்னை ஆயா வேலைக்கு என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். கூட்டுவது, கழுவுவது எல்லாம் முதல் மூன்று மாதத்தோடு சரி. அதற்குப் பிறகு நான் செய்த வேலை, எக்ஸ்ரே அறையில் நோயாளிகளின் தலையைப் பிடிப்பது. ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கிய சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது. கட்டினவன் விட்டுவிட்டுப் போயிருந்தான்.

மதுரையில் யாரோ கழித்த எக்ஸ்ரே மெஷினை டாக்டர் வாங்கி வந்திருந்தார். அதில் தாடைப் படம் எடுப்பதுதான் பெரும்பாடு. தாடை எலும்பு லாடம் போல வளைந்தது. சும்மா பக்கவாட்டில் எடுத்தால் இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து எதுவும் தெரியாது. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்துக்கு அடியில் பிலிம் அடைத்த படப்பெட்டியை வைத்து, தலையைச் சாய்த்து, மோவாயை நன்றாகத் தூக்கி முன்னால் தள்ள வேண்டும். தூக்காவிட்டால் கழுத்தெலும்பு வந்து தாடையை மறைத்துவிடும். சீழ் வைத்த பல்லோடும், அடிபட்டு வீங்கிய வாயோடும் வருகிறவர்களால் அப்படி இருக்க முடியாது. அதற்குத்தான் நான்.

"அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஈயத்தகடு அடித்த தடுப்புக்குப் பின்னால் போய்விடுவார். நான் பிடித்தபடியே நிற்பேன். சில படங்களில் என் விரல் எலும்புகளும் விழுந்திருக்கும்.

எனக்கு அந்த வேலை கைவந்துவிட்டது. கைவந்தது என்று சொல்வதைவிட, இரக்கம் விட்டுப்போனது என்று சொல்வது சரி. பிள்ளைகள் நெளிந்தால் காதைத் திருகுவேன். கிழவர்கள் முனகினால் "வீட்டுல போயி முனகுங்க" என்பேன். ஒரே தடவையில் படம் தெளிவாக விழுந்தால் டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஏ புள்ள, ஒனக்கு இரும்புக் கையி" என்பார். அந்தப் பாராட்டுக்காக நான் எதையும் செய்யக்கூடியவளாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நாரணாபுரத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். என்னைவிட ஏழெட்டு வயது கூடுதலாக இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற இடத்தில் தீப்பிடித்து, கன்னத்திலிருந்து நெஞ்சுவரை வெந்துபோனவள். அது நடந்து ஆறு மாதமாகிவிட்டது. புண் ஆறும்போது கழுத்துத் தோல் சுருங்கி இழுத்துக்கொண்டதில், மோவாய் நெஞ்சோடு ஒட்டினாற்போல நின்றது. எப்போதும் தரையைத்தான் பார்ப்பாள். வாயும் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்காது. தாடைக்கடியில் ஒரு துளை வழியாகச் சீழ் கசிந்துகொண்டிருந்தது. பேச்சு வராததால் கூட வந்த தங்கச்சிதான் அவளுக்காகப் பேசினாள். கம்பெனி போர்மேனும் வந்திருந்தார்.

"சீக்கிரம் பாத்து விடுங்க டாக்டரய்யா. தீவாளி சீசன், லோடு நிக்கிது" என்றார் போர்மேன்.

முதல் படம் எடுத்தோம். கழுவிப் பார்த்தால் கழுத்தெலும்பு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. டாக்டர் ஈரப் படத்தை என் முகத்தை நோக்கி விசிறினார். மருந்துத் தண்ணீர் கண்ணில் பட்டு எரிந்தது.

"நான் கேட்டது தாடை. நீ என்னத்தப் புடிச்சிருக்க? மோவாயத் தூக்கு!"

இரண்டாவதும் அப்படியே. வெளியே வரிசை நின்றது. எனக்கு டாக்டர்மேல் வரவேண்டிய கோபம் அந்தப் பெண்மேல் வந்தது. வேண்டுமென்றே மோவாயை இறக்கி வைத்துக்கொண்டு என் பேரைக் கெடுக்கிறாள் என்றுகூடத் தோன்றியது.

"தலையத் தூக்குத்தா."

அவள் கண்ணால் முடியாது என்றாள்.

"அக்கா, தோலு இழுக்குது அக்கா. அவளால ஆவாது" என்றாள் தங்கச்சி.

"நீ வெளிய போ" என்றேன்.

மூன்றாவது படத்துக்கு, ஒரு கையை அவள் பிடரியிலும் இன்னொரு கையை மோவாய்க்கு அடியிலும் கொடுத்து, டாக்டர் "ரெடி" என்றதும் முழு பலத்தோடு தூக்கினேன். ஈரத்துணி கிழிவதுபோல ஒரு சத்தம். கழுத்தில் சுருங்கிய தோல் வாய் பிளந்துகொண்டது. அவளுக்கு வாயைத் திறந்து கத்த வழியில்லை. பல்லிடுக்கு வழியாக ஒரு ஊளை மாதிரி வந்தது. மெஷின் சத்தம் நிற்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.

படம் அருமையாக விழுந்திருந்தது. தாடையின் ஒரு பக்க எலும்பு செத்துப் பூச்சி அரித்தாற்போல இருந்ததை நானே பார்த்துச் சொல்லும் அளவுக்குத் தெளிவு. டாக்டர் என் தோளில் தட்டினார். அவள் கழுத்துக்குப் பஞ்சு வைத்துக் கட்டினதும் நான்தான். அப்போதுகூட அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. படம் காய்ந்துவிட்டதா என்று போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் மதுரையில் ஒரு பல் சர்ஜனின் யோசனை கேட்க அந்தப் படத்தை என்னிடம் கொடுத்தனுப்பினார் டாக்டர். செத்த எலும்பை எடுத்தாக வேண்டும், சீழ் கொஞ்சம் வற்றியதும் இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று சர்ஜன் எழுதிக்கொடுத்தார். அவரிடம் எக்ஸ்ரே எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். வழுக்கைத் தலை, மெல்லிய குரல். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"கழுத்து ஒட்டிப்போன கேஸ்னு எழுதியிருக்கு. இந்த மோவாய் எப்படி இவ்வளவு மேல வந்தது?"

"நான் தூக்கிப் பிடிச்சேன்" என்றேன் பெருமையாக.

அவர் படத்தைக் கீழே வைத்தார். "அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"தெரியல."

அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. மேஜைமேல் இருந்த தலையணை ஒன்றை எடுத்து, கழுத்து வளையாதவர்களுக்கு எப்படி எடுப்பது என்று நிதானமாகச் செய்து காட்டினார். கழுத்தைத் தொடவே வேண்டாம். தோளுக்கும் இடுப்புக்கும் தலையணை கொடுத்து, ஆளை முழுசாக ஒரு பலகைபோலச் சாய்க்க வேண்டும். படப்பெட்டியையும் சாய்த்து வைக்க வேண்டும். மிச்சத்துக்கு மெஷினின் குழாயைத் திருப்பிக்கொள்ளலாம். வெளிநாட்டில் ஆள் சும்மா உட்கார்ந்திருக்க, குழாயே தலையைச் சுற்றி வந்து பல் வரிசை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் மெஷின் வந்துவிட்டதாம். "நம்மகிட்ட அது இல்ல. தலையணை இருக்குல்ல?" என்றார்.

திரும்பும் ரயிலில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அந்த அறையில் நின்றபோது கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது.

ஒரு மாதம் கழித்து அக்காளும் தங்கச்சியும் வந்தார்கள். இந்தத் தடவை போர்மேன் இல்லை. கழுத்தில் நான் கிழித்த இடத்தில் புதுத்தழும்பு விழுந்து, மோவாய் முன்னைவிடத் தாழ்ந்திருந்தது. என்னைக் கண்டதும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் போய்க் கையைப் பிடித்தேன்.

"இந்தத் தடவ வலிக்காது. கழுத்தத் தொடவே மாட்டேன். வேற மாதிரி எடுக்கலாம். வாங்க."

அவள் நம்பவில்லை. தங்கச்சி நம்பினாள். "அக்காதான் சொல்லுதாகள்ல, வா" என்று கூட்டிவந்தாள். நான் தலையணைகளை அடுக்கி, அவளைச் சாய்த்துப் படுக்கவைத்தேன். நான் சொன்னபடி இருந்தாள்.

டாக்டர் உள்ளே வந்து பார்த்தார். "இது என்ன, பிரசவமா பாக்கப் போற?"

மதுரையில் கேட்டதைச் சொன்னேன். குழாயைக் கொஞ்சம் திருப்பினால் போதும் என்றேன்.

"அந்தத் திருகு தேஞ்சு போச்சு. தொட்டா ஸ்டாண்டு சாயும், அப்புறம் யாரு சரிபண்றது? மெஷின் வளையாது, ஆளத்தான் வளைக்கணும். நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"ஒரே ஒரு தடவ பாக்கலாம்யா."

"மதுரைக்காரன் சொல்றதுதான் வேதம்னா நீ மதுரைக்கே போயிரு. இப்பவே போ."

நான் போகவில்லை. எனக்குப் போக்கிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் அவர் சொல்லி முடித்து நான் தலையணைகளை உருவியதற்கு இடையில் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்பதும் உண்மைதான். அவள் புரிந்துகொண்டு எழப் பார்த்தாள், காலை உதைத்தாள். டாக்டர் கட்டச் சொன்னார். கட்டுத்துணியால் கைகளை மேஜையோடு சேர்த்துக் கட்டினேன். முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தேன். பிறகு பிடரியில் ஒரு கை, மோவாயில் ஒரு கை.

இந்தத் தடவை அவள் சத்தமே போடவில்லை. கண்ணை மூடாமல், கீழே கிடந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் ரவிக்கைக் கையெல்லாம் ரத்தமும் சீழும். படம் முதல் தடவையிலேயே நன்றாக விழுந்துவிட்டது.

வாசலில் தங்கச்சி என்னிடம் வந்தாள். அழவில்லை.

"வலிக்காதுன்னு சொல்லாமயாவது இருந்திருக்கலாம்ல அக்கா."

அந்தப் படத்தை வைத்து மதுரையில் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. ஒரு பக்கத் தாடையை எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த கோடையில் டாக்டர் கல்யாணம் ஒன்றுக்காகத் திருச்செந்தூர்ப் பக்கம் போய் மூன்று நாள் இல்லை. கம்பவுண்டர்தான் பட்டனை அழுத்தினார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண் வீங்கிய தாடையோடு வந்தாள். கழுத்தை அசைக்க முடியவில்லை. நான் இரண்டு தலையணைகளை வைத்து, திருகைத் தளர்த்திக் குழாயைத் திருப்பினேன். ஸ்டாண்டு சாயவில்லை. ஒரு துண்டுக் கயிற்றால் கட்டியதில் அது அசையாமல் நின்றது. படம் விழுந்தது. அந்தப் பெண் இறங்கி, "முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு மேஜையைத் துடைக்கக்கூடக் கை வரவில்லை. அன்றைக்கும் இதே திருகுதான், இதே தலையணைதான். கயிறும் அன்றைக்கே பின்கட்டில் கிடந்ததுதான். பிறகு டாக்டர் திட்டினாலும் அப்படியே எடுக்கத் தொடங்கினேன். கொஞ்ச நாளில் அவரும் கண்டுகொள்வதை விட்டுவிட்டார். அவ்வளவு எளிதாக விட்டுவிட்டார்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தேன். ஆற்று மணலில் கூட்டம் நெரிந்தது. பொங்கல் பானைகளுக்கு நடுவே யாரோ "அக்கா" என்றார்கள். அந்தத் தங்கச்சி. இடுப்பில் குழந்தை. அவளுக்குப் பின்னால் அக்காள் நின்றாள். முகத்தின் ஒரு பக்கம் உள்ளே ஒடுங்கியிருந்தது.

"நல்லா இருக்கீகளா?" என்றாள் தங்கச்சி.

"இருக்கேன்" என்றேன். என் குரலைக் கேட்டதும் அக்காளின் இரண்டு கையும் கழுத்துக்குப் போயின. முந்தானையை மோவாய்வரை இழுத்துச் சுற்றிக்கொண்டு நாலடி தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"இப்பல்லாம் வலிக்காமத்தான் எடுக்கேன்" என்றேன்.

"யாருக்கு?" என்றாள் தங்கச்சி.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. உண்மையிலேயே யாருக்கு என்று தெரிந்துகொள்ளக் கேட்டதுபோலத்தான் இருந்தது. அதற்குள் குழந்தை அழுதது. அவள் அதைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அக்காள் கையைப் பிடித்துச் சாத்தூர் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். அக்காள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.