வைக்கோலுக்குள் சிலையைத் தேடினேன்

போன வருடம் ஆனேக்கல் பக்கம் ஒரு பாழடைந்த வீட்டைப் புதுப்பிக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலைஞர்கள் இரண்டு மூன்று மாதம் தங்கி, தங்கள் படைப்புகளைச் செய்துவிட்டுப் போகும் இடமாக அதை மாற்ற நினைத்தார் வீட்டுக்கார அம்மா. எனக்கும் கலைக்கும் உள்ள உறவு, சமையலறையில் தொங்கும் காலண்டரோடு சரி. ஆனால் ஒழுகும் கூரை, கரையான் அரித்த ஜன்னல் என்றால் என்னிடம் விடலாம். ஈஜிபுராவில் இருக்கும் என் வீட்டிலிருந்து தினமும் பஸ் மாறிப் போய், எட்டு மாதம் கொத்தனார்களோடு மல்லுக்கட்டினேன். திறப்பு விழா நல்லபடியாக முடிந்தால் நான்தான் அங்கே மேனேஜர் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.

விழாவுக்கு முந்தைய மூன்று நாளும் காய்ச்சலில் படுத்துவிட்டேன். விழாவன்று காலை போய்ப் பார்த்தால், ஹாலின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு வைக்கோல் பொதி நின்றது. முதல் கலைஞராகப் புதுச்சேரியிலிருந்து ஒரு சிற்பி வந்திருந்தாள். அவளுடைய சிலை லாரியில் வந்து இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வாஷ்பேசின், கண்ணாடியெல்லாம் எங்களுக்கு அப்படித்தான் வைக்கோல் சுற்றி வந்திருந்தன. அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் முதலில் மாடுதான் நுழைய வேண்டும் என்று கொத்தனார்கள் பிடிவாதம் பிடித்திருந்தார்கள். அடுத்த தெருக்காரர் ஒருவர் தன் மாட்டைக் கூட்டி வந்தார். பளபளத்த சிவப்புத் தரையைப் பார்த்ததும் மாடு வாசலிலேயே நின்றுவிட்டது. தட்டினார், கெஞ்சினார், ஒன்றும் நடக்கவில்லை. நான் பொதியிலிருந்து ஒரு பிடி உருவி நீட்டினேன். மகாலட்சுமி மாதிரி உள்ளே வந்தது.

சிலையையும் பிரித்து வைத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலை மிச்சமாகுமே என்று கத்தரிக்கோலை எடுத்தேன். முடிச்சுக்கு மேல் முடிச்சு. எந்தப் புண்ணியவான் இப்படிக் கட்டினானோ என்று திட்டிக்கொண்டே வெட்டினேன். நான் உருவ உருவ மாடு தின்றது. கடைசியில் உள்ளே இருந்தவை நாலு மூங்கில் குச்சிகள்.

"ஐயோ, சிலைய வைக்க மறந்துட்டாங்களே!" என்று பதறினேன்.

மாட்டுக்காரர் குச்சிகளை ஒருமுறை சுற்றி வந்தார். "மேடம், இந்த வைக்கோல்தான் சிலைன்னு தோணுது."

அந்த நேரம் பார்த்துத் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் வந்தாள். கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மேனேஜர் வேலை கண் முன்னாலேயே பறந்து போனது. என் முகத்தைப் பார்த்த மாட்டுக்காரர், "சும்னே, பேசாம இருங்க மேடம்" என்று முணுமுணுத்துவிட்டு முன்னால் போனார்.

"கயிறு கைய விட்டுப் போச்சும்மா. மாடு தின்னுடுச்சு."

அவ்வளவுதான். மூன்று நாள் இடுப்பொடியச் செய்ததாம். ஒரு மாட்டைப் பிடிக்கத் தெரியாதா என்று அழுகையும் கோபமுமாக அவள் கத்தினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கினார். அரை மணி நேரத்துக்கு முன்புதான் அறிமுகமான மனிதர். நான் ஐந்து நிமிடம் பேசாமல் நின்றேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. அப்புறம் தாங்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து நீட்டினேன்.

"நான்தாம்மா வெட்டினேன். உள்ள சிலை இருக்குதுன்னு நெனச்சேன்."

அவள் என்னையும் மூங்கிலையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏங்க்கா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள். மூங்கில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "உக்காருங்க. முதல்ல வைக்கோல்புரி திரிக்கணும்" என்றாள்.

மாட்டுக்காரர் தன் வீட்டிலிருந்து வைக்கோல் கொண்டுவந்தார். மாட்டை வெளியே கட்டிவிட்டு, சாயங்காலம் விழா தொடங்கும் வரை நானும் அவளும் உள்ளங்கை எரிய எரியத் திரித்தோம். சிலை இடுப்பு வரைதான் எழுந்தது. விருந்தினர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, இடுப்புக்கு மேல் இல்லாததற்கு விதவிதமாக அர்த்தம் சொன்னார்கள். வீட்டுக்கார அம்மாவிடம் நடந்ததை நானே சொன்னேன். சிரித்து முடித்து வேலையைக் கொடுத்தார்; எதையும் கேட்காமல் பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

எனக்காக இன்னொருவர் திட்டு வாங்கும்போது எவ்வளவு நேரம் என்னால் சும்மா நிற்க முடியும் என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது: முழுசாக ஐந்து நிமிடம். அதைக் குறைக்கத்தான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.