பிழையோடு போட்ட பத்திரிகை

பழங்காநத்தத்தில் மசாலா கம்பெனி நடத்தும் எங்கள் மேடத்தின் முகநூல் பக்கத்தைக் கவனிப்பது என் வேலை. அவர் மகளின் காதணி விழாவுக்கு அச்சகத்திலிருந்து மாதிரிப் பத்திரிகை வந்தது. ஆர்வக்கோளாறில், அவரைக் கேட்காமலே அதைப் பள்ளிச் சீருடையில் குழந்தை சிரிக்கும் படத்தோடு எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டேன். அதில் தாய்மாமன் ரமேஷின் பெயர் சுரேஷ் என்று தவறாக இருந்தது. மேடம் அன்றே அச்சகத்தில் திருத்திவிட்டார். நான் போட்டது திருத்தாதது.

இரண்டு நாள் கழித்து கே.கே. நகர் பள்ளியிலிருந்து ஆசிரியை மேடத்துக்குப் போன் செய்தார்.

"தாய்மாமன் சுரேஷாம், பாப்பாவைக் கூப்பிட வந்திருக்காரு. பாப்பா என்னடான்னா மாமா பேரு ரமேஷ்ங்குறா. அனுப்பவா?"

"அனுப்பிறாதீங்க டீச்சர்! இந்தா வாரேன்!"

நானும் கூடவே ஓடினேன். அதற்குள் அந்த ஆள் நழுவியிருந்தான். குழந்தையை இறுக அணைத்தபடி மேடம், "சுரேஷுங்குற பேரு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்றார். அந்தப் பெயர் வெளியே வந்தது என் பதிவில் மட்டும்தான். அழுதுகொண்டே சொன்னேன்.

"சொந்தபந்தத்தைக் கூப்பிட அடிச்ச பத்திரிகை, ஸ்டெல்லா. நீ யாரையெல்லாம் கூப்பிட்டிருக்க பாரு."

இப்போது அந்தப் பக்கத்தில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் மட்டும்தான். பதிவை அழித்துவிட்டேன், பகிர்ந்த ஏழு பேரையும் கெஞ்சி அழிக்க வைத்தேன். சத்தமில்லாமல் சேமித்து வைத்திருப்பவன் யார் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

- ஸ்டெல்லா, ஆனையூர்