நாற்பது நாள் நடை

அரூரில் கல்யாண ஊர்வலங்களுக்கு விடுவதற்காக இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறேன். ஆண் குதிரை கூட்டத்தைக் கண்டால் கடித்தது, பெட்டையைக் கண்டால் கட்டிய முளையைப் பிடுங்கியது. டாக்டரை வரவழைத்துக் காயடித்தேன். பார்த்துக்கொள்ள ஒரு குதிரைக்கார பாயை அமர்த்தினேன்.

வெள்ளைத் தாடி, வெறுங்கால், ஓயாத முழங்கால் வலி. நின்றே இருந்தால் காயடித்த இடம் வீங்கிவிடும் என்று காலையும் மாலையும் ஆண் குதிரையை நடத்திக் கூட்டிப்போவார். அதன் பின்னால் மட்டும் நிற்கவே மாட்டார். டீ குடிக்கும்போதும் ஒரு கை அதன் தோள்மேல்தான் இருக்கும்.

பத்தாம் நாள் புண் காய்ந்திருந்தது. இரண்டுக்கும் தனித்தனியாகத் தண்ணீர் சுமந்து எனக்கு அலுத்துவிட்டது.

"பெட்டையோட அவுத்து உட்டுடலாமா பாய்?"

"வேணாங்க, நாப்பது நாளு போவட்டும். டாக்டரு வெட்டிட்டாருங்க. குதிரைக்கு இன்னும் அது தெரியாது. மேல ஏறப் போவும், பெட்டை உதைக்கும், புண்ணு பிரிஞ்சிக்கும். வெட்டினாலும் உள்ள கொஞ்ச நாளைக்கு மிச்சம் இருக்கும், இப்ப சேத்தா பெட்டை சினைகூட ஆயிடுமுங்க."

நாற்பது நாளும் நடந்தார். பிறகு ஒரு வாரம் வேலிக்கு இப்புறமும் அப்புறமுமாக இரண்டையும் கட்டி, பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு நாள் காலையில் ஆண் குதிரையின் கயிற்றை அவிழ்த்து பெட்டையிடம் விட்டார். அது பெட்டையை முகர்ந்தது. காதை ஒருமுறை ஆட்டிவிட்டு, குனிந்து புல் மேயத் தொடங்கியது.

நான் நிம்மதியில் சிரித்துவிட்டேன். பாய் சிரிக்கவில்லை. அதன் தோள்மேல் கை வைத்து வெகுநேரம் நின்றார்.

"இப்பத்தாங்க அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில். அன்று டீ வேண்டாமென்று போய்விட்டார்.

இப்போது இரண்டுக்கும் ஒரே தொட்டிதான், எனக்கு வேலை பாதி. தண்ணீர் காட்டும்போது அதன் முகத்தை மட்டும் நான் பார்ப்பதில்லை.