எழுபதாவது வளைவு

கொல்லிமலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மிளகு விற்றுவிட்டுத் திரும்பும் விவசாயி. மடியில் காலிச் சாக்கு. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் பலகையைப் பார்த்து முணுமுணுத்தார்: "ஊனோ... தோஸ்... த்ரேஸ்..."

"என்னங்க அது?"

"ஸ்பானிஷுங்க. பொண்ணு கல்யாணம் பண்ணி அந்தப் பாஷை பேசற நாட்டுலதான் இருக்குது. பேரனுக்குத் தமிழ் வராது. வந்தான்னா ரெண்டு பேரும் எண்ணிக்கிட்டே மலையேறலாமுங்க. பதினஞ்சு வரைக்குந்தான் கஷ்டம். பதினாறுல இருந்து நம்மளாட்டமே பத்தும் ஆறும்னு சேத்துச் சொல்றாங்க."

"எப்பங்க வர்றான்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்து வந்த வளைவுகளை எண்ணவில்லை.

எழுபதாவது பலகையில் மட்டும், தூங்கும் குழந்தையை எழுப்புவதுபோல், "செதென்தா" என்றார்.

"அதுக்கு மேல தெரியுங்களா?"

"எதுக்குங்க? அதோட ஊடு வந்துருமே."

பேரன் வந்தானா, தெரியாது. இப்போதெல்லாம் அந்தப் பலகையைத் தாண்டும்போது நானும் மெல்லச் சொல்கிறேன்.