சிவபாலனை வெளியில் எடுத்த ஞாயிறு

முப்பத்தெட்டு வயதில் சுஜீதனின் முழங்கால் கையை விரித்துவிட்டது. ஸ்கானைப் பார்த்த டாக்டர், இனிப் பந்தைத் தொடுவதென்றால் ஊன்றுகோலையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள் என்று சிரித்தார். அவருக்கென்ன, கால் அவருடையதா? பதினான்கு வருடமாக வளர்பிறை விளையாட்டுக் கழகத்தின் நடுக்களத்தைச் சொந்த வளவுபோல ஆண்டவன் சுஜீதன். வாரநாளில் பஸ் ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் டூங்கபி மைதானத்தில் மற்றப் பத்துப் பேரையும் ஓட்டுவான். பந்து வந்தாலும் ஏச்சு, வராவிட்டாலும் ஏச்சு.

அப்படிப்பட்டவனைக் கழகத் தலைவர் சச்சிதானந்தன் வென்ட்வேர்த்வில் சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டு, முன்னால் ஒரு கொத்துரொட்டியையும் வைத்துவிட்டுச் சொன்னார்:

"விளையாடினது காணும் தம்பி. இனி நீர் டீமைப் பாரும்."

"மேனேஜர் வேலை எண்டா என்ன அண்ணை, தண்ணிப் போத்தில் தூக்கிறதோ?"

"அதுவும்தான். ஆளைப் போடுறது, ஆளை வெளியில எடுக்கிறது, பேர் கூப்பிடுறது எல்லாம் இனி நீர்தான்."

ஆளை வெளியில் எடுக்கிறது என்றதும் சுஜீதன் கொத்துத் தட்டைத் தள்ளி வைத்தான். ஏனென்று சச்சிதானந்தனுக்குத் தெரியாது. சுஜீதனின் மனைவி கலாவுக்கே தெரியாது.

விஷயம் இதுதான். ஐந்து வருடத்துக்கு முன்னால், இதே மைதானத்தில், கோல்கீப்பர் சிவபாலன் ஆட்டத்தின் நடுவில் சரிந்து விழுந்து செத்துப்போனான். மாரடைப்பு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான், ஒரு அறிகுறியும் இருக்கவில்லை என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஆனால் இடைவேளையில் அவன் அன்றைய கப்டன் சுஜீதனைத் தனியே இழுத்து, "மச்சான், நெஞ்சு ஒருமாதிரிக் கிடக்கு. என்னை வெளியில எடு" என்று கேட்டிருந்தான். மாற்று ஆளாக லக்சன் வெளியில் தயாராகத்தான் இருந்தான். வளர்பிறை ஒரு கோல் முன்னணியில் நின்றது. லக்சனோ அப்போது கைக்கு வருகிற பந்தையே நழுவவிடுகிறவன்.

"இன்னும் ஒரு இருபது நிமிசம் நில்லடா" என்றான் சுஜீதன்.

சிவபாலன் நின்றான். பதினாறு நிமிடம் நின்றான்.

அவனுடைய பச்சைச் சட்டையைப் போட்டுத்தான் தகனத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு வளர்பிறையில் எந்தக் கோல்கீப்பரும் பச்சை போடுவதில்லை, லக்சனுக்கு மஞ்சள். சிவபாலனின் பெயரை மட்டும் கழகம் வெட்டவில்லை. மனைவி மிருணாளினி கேட்டுக்கொண்டபடி வருடாவருடம் பதிவுப் பட்டியலில் அது புதுப்பிக்கப்பட்டது. ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் வட்டமாக நிற்க, மேனேஜர் பெயர் கூப்பிடுவார். அவரவர் பெயருக்கு, வந்திருக்கிறேன் என்பதற்கு, அவரவர் ஓம் சொல்வார்கள். சிவபாலன் என்றதும் அத்தனை பேரும் சேர்ந்து ஓம் என்பார்கள். லீக்கில் உள்ள வேறெந்தக் கழகமும் இப்படியொரு கூத்துச் செய்வதில்லை. இவர்களுக்கு அது பழகிப்போய்விட்டது.

ஏப்ரலில் சீசன் தொடங்கியது. சுஜீதன் முதன்முதலாக வட்டத்துக்கு வெளியே நின்று பெயர் கூப்பிட்டான். இத்தனை வருடமும் உள்ளே நின்று கத்தியவனுக்குத் தன் குரலைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை. அன்று வெளியே நின்றபோது கேட்டது. சிவபாலன் என்றான், எல்லோரும் ஓம் என்றார்கள், அது அடங்கிய பிறகு இன்னொரு ஓம் வந்தது. ஒரேயொரு ஆளின் ஓம். அவசரமில்லாமல், கொஞ்சம் களைத்த குரலில்.

யாரோ ஒருவன் பிந்திச் சொல்லியிருக்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். அடுத்த ஞாயிறு ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டான். எல்லா வாயும் மூடிய பிறகுதான் அந்த ஓம் வந்தது. சுஜீதன் பட்டியலை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். சொன்னால் பஸ் ஓட்டுகிற லைசென்ஸையும் பறித்துவிடுவார்கள் என்று பேசாமல் இருந்தான்.

மே மாதம் லக்சன் தானாகவே வந்தான். இப்போது அவனுக்கு முப்பது வயது, பரமற்றாவில் கம்ப்யூட்டர் வேலை, பேய் பிசாசு என்றால் விழுந்து விழுந்து சிரிக்கிறவன். அன்று அவன் சிரிக்கவில்லை.

"அண்ணை, அந்த ரெண்டாவது கோல் நான் பிடிச்சிருப்பன். பின்னால நிண்டு ஆரோ 'விடு, என்ர' எண்டது. நான் விட்டிட்டன்."

"பின்னால வலைதானேடா இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றன்."

பிறகு ரெஃபரிமார் எண்ணத் தொடங்கினார்கள். ஜூனில் ஒருவர் ஆட்டத்தை நிறுத்தி, விரல் நீட்டி வளர்பிறைக்காரரை எண்ணிப் பன்னிரண்டு என்றார். திரும்ப எண்ணினால் பதினொன்று. கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஏதோ எழுதினார். இரண்டு வாரம் கழித்து வேறொரு ரெஃபரி, வேறொரு மைதானம், அதே பன்னிரண்டு. லீக்கிலிருந்து கடிதம் வந்தது: இன்னொரு முறை ஆள் கூடினால் கழகம் போட்டியிலிருந்து நீக்கப்படும். சச்சிதானந்தன் பாவம், பிரஷர் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு, "எண்ணத் தெரியாதவங்களை எல்லாம் ரெஃபரியாப் போடுறாங்கள்" என்று பொரிந்து தள்ளினார்.

கழகம் போனால் போகட்டும் என்றுகூட விட்டிருக்கலாம். சுஜீதனை உடைத்தது அதற்கடுத்த ஞாயிறு. இடைவேளைக்குச் சற்று முன்னால், எல்லைக்கோட்டில் கொடியோடு நின்ற வெள்ளைக்காரர் எரிச்சலோடு அவனிடம் வந்தார். உன்னுடைய ஆள் ஒருவன் பத்து நிமிடமாக உன்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், மற்றக் கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், உனக்கென்ன கண் தெரியாதா, அவனை வெளியில் எடு என்றார்.

"எந்த ஆள்?"

"அந்தப் பச்சைச் சட்டைக்காரன்" என்று கோல் கம்பத்தைக் காட்டினார். அங்கே ஒருவரும் இல்லை. அவரும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் சுஜீதன் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்த சிவபாலன் வீட்டுக்குப் போனான். மிருணாளினி ஆஸ்பத்திரி யூனிபோமோடு அப்போதுதான் வேலையால் வந்திருந்தாள். கதிரையைக் காட்டி, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். சிவபாலனின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க அவளுடைய சம்மதம் கேட்டு வந்ததாகத்தான் அவன் தொடங்கினான். பன்னிரண்டு பேர் கதையைச் சொன்னான். கையைத் தூக்கிக்கொண்டு நின்ற கதையைச் சொன்னான். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"மிருணா, அண்டைக்கு அவன் என்னட்டைச் சொன்னவன். நெஞ்சு ஏலாமக் கிடக்கு, வெளியில எடு எண்டு கேட்டவன். நான்தான் நில்லெண்டனான். ஒரு கோலுக்காக."

ஐந்து வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தான். இறங்கவில்லை. அவள் கத்துவாள், தேத்தண்ணியை முகத்தில் ஊற்றுவாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தான். அதுவும் இல்லை. அவள் யூனிபோமின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும் ஃபோன் எடுத்தவர் அண்ணா" என்றாள்.

"எப்ப?"

"இடைவேளையில. உங்களோட கதைச்ச பிறகாத்தான் இருக்கும். மகள் லக்சிகான்ர பேர்த்டேக்கு வீடு நிறையச் சனம். 'ஒருமாதிரிக் கிடக்கு, வந்து கூட்டிக்கொண்டு போறியா' எண்டு கேட்டவர். வந்து பேர்த்டே வேலை செய்யப் பஞ்சியில, சுகமில்லை எண்டு சாட்டுச் சொல்றார் எண்டு நினைச்சனான். முடிச்சிட்டு ஆறுதலா வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டன்." பொத்தானை விட்டுவிட்டு, "நான் நர்ஸ் அண்ணா" என்றாள்.

இருவரும் அழுதார்கள். வெட்கமில்லாமல், சத்தம் போட்டு அழுதார்கள். பிறகு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "பேரை நாளைக்கு எடுக்க வேண்டாம். நான் வாறன்" என்றாள்.

அந்த ஐந்து வருடத்தில் அவள் மைதானத்துக்கு வந்தது அதுதான் முதல் முறை. இடைவேளைக்கு விசில் ஊதியதும் காரை வேலியோரம் நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். ஆட்டக்காரர்கள் தோடம்பழத் துண்டுகளைச் சப்பிக்கொண்டு புல்லில் இருந்தார்கள். மைதானம் வெறுமையாகக் கிடந்தது.

"எங்க நிண்டவர்?"

சுஜீதன் கம்பத்தைக் காட்டினான். இருவரும் கோட்டோரம் போய் நின்றார்கள். ஊரையே கூட்டும் தொண்டை அவனுக்கு. அன்று அவன் மெதுவாகத்தான் கூப்பிட்டான்.

"சிவா, காணும். வா மச்சான்."

பின்னால் தோடம்பழம் சப்பும் சத்தம் நின்றுவிட்டது. லக்சன் எழுந்து நின்றான். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். 

"வாங்கோ, வீட்டை போவம்" என்றாள் மிருணாளினி. சண்டைபிடித்த மனுசனைச் சமாதானப்படுத்துகிற குரல். "கூட்டிக்கொண்டு போக வந்திட்டன்."

 ரெஃபரி மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அவள் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுத் திரும்பி, காரை நோக்கி நடந்தாள். நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகிறவளின் நடை. தன் இடப்பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம்விட்டு, இரண்டு தரம் நின்று, பொறுத்து, பொறுத்து நடந்தாள். மாட்டேன் என்றிருந்த சுஜீதனின் கால் அவனையறியாமல் அவள் பின்னால் போனது.

இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவர் குனிந்து ஏறி இருக்க எடுக்கிற நேரம் நின்றுவிட்டு மெல்லச் சாத்தினாள். சுற்றிவந்து தன் இடத்தில் ஏறி, காரை ஸ்டார்ட் பண்ணினாள். திறந்திருந்த அவள் பக்கக் கதவால், பெல்ட் போடச் சொல்லும் மணி கேட்டது. அவள் தன் பெல்ட்டைப் போட்டாள். மணி நிற்கவில்லை. சுஜீதன் பஸ்காரன், பக்கத்து இருக்கையில் பாரம் இல்லாவிட்டால் அந்த மணி அடிக்காது என்று அவனுக்குத் தெரியும்.

அவள் சாய்ந்து, மற்றப் பெல்ட்டையும் இழுத்து, பக்குவமாகப் பூட்டினாள். மணி நின்றது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.