அண்ணன் பெயர் வெட்டிய கிட்டார்

அப்பாவை அடக்கம் செய்த மறுநாளே அண்ணன் கிட்டாரை ஆட்டோவில் ஏற்றி ஜோகுபாளையத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். என்னைக் கேட்கவில்லை. நான் இருக்கும் எங்கள் மர்பி டவுன் வீட்டில் அது தொங்கிய ஆணியை நான் பிடுங்காமல் வைத்திருந்தேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அப்பா கண்டோன்மென்ட் ராணுவ மெஸ்ஸில் பரிமாறுகிறவர். ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் அவரிடம் விட்டுப்போன கிட்டார் அது. தட்டையான மேற்பலகை, எஃகுக் கம்பிகள். தொண்ணூறுகளின் பிற்பாதியில், பழைய கிட்டார்கள் சேகரிக்கும் ஒருவரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போனபோதுதான் அது அபூர்வமானது என்று தெரிந்தது. அவர் காட்டிய படங்களில் ஒன்று அப்படியே எங்கள் வீட்டுக் கிட்டார் போல இருந்தது.

அவரை அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்து உள்ளே அரை மணி நேரம் பார்த்தார். “யாருடையது?” என்றார்.

“என்னுது” என்று இருவரும் சொன்னோம்.

“முடிவு செய்யுங்கள். வாங்கிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.”

வாசலில் ஷூ மாட்டும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: ஒரு திருகுகூட மாறவில்லை, வார்னிஷ் பழையது, மதிப்பே அதில்தான், துணியால்கூடத் தேய்க்க வேண்டாம், அண்ணனிடமும் சொல்லுங்கள்.

சொல்லத்தான் உள்ளே திரும்பினேன்.

“இத்தினி வருஷமா எட்டிப் பாக்காதவரு, கட்டைக்கு வெல வந்ததும் வந்துட்டாரு” என்றார் அண்ணி, அடுப்பைப் பார்த்தபடி.

“கிரிக் பண்ணாதடா, வம்புக்கு வராத” என்றான் அண்ணன். “அப்பா எனக்குத்தான் கத்துக் குடுத்தாரு. நீ ஒரு கம்பியத் தொட்டிருக்கியா?”

“நீ எங்க தொட வுட்ட?”

“கொரங்கு கையில யாரு குடுப்பாங்க?”

சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

எங்கள் வீட்டில் குடத்திலிருந்து டிபன் டப்பா மூடி வரை பெயர் வெட்டியிருக்கும். அப்பா போன பிறகு பாத்திரங்களைப் பெயர் பார்த்துத்தான் பிரித்தோம். பெயர் இல்லாமல் நின்றது கிட்டார் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை அல்சூர் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை வாசலில் அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் கிட்டார். பெயர் வெட்டுகிறவர் மெஷினைக் கையில் பிடித்துத் தயங்கினார்.

“மரத்துல போட்டதில்லண்ணா. கோணலா வந்தா கேக்கக் கூடாது.”

“இனிஷியலோட போடுங்க” என்ற அண்ணன் என்னைப் பார்த்துவிட்டான். “என்னடா மொறைக்கிற? பேரு வுழுந்துட்டா அப்புறம் எவன் கேப்பான்?”

ஊசி இன்னும் பலகையைத் தொடவில்லை. ஒரு வாக்கியம் போதும்.

“நல்லா ஆழமாப் போடச் சொல்லு” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சேகரிப்பாளர் கிட்டார் பெட்டியைத் திறந்தார். துளைக்குக் கீழே, எவர்சில்வர் தட்டில் இருப்பதுபோல, புள்ளி புள்ளியாக அண்ணன் பெயர்.

“மெஷின்ல போட்டது சார். அழியாது” என்றான் அண்ணன்.

அவர் பெட்டியின் தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாக மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நான் சொன்னதை இவரிடம் சொல்லவில்லையா?”

அண்ணனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் வாங்காமல் போன பிறகு பெட்டியை என் மார்பில் இடித்துத் தள்ளினான்.

“எடுத்துக்கினு போ. இதுக்குத்தான அலஞ்ச?”

எடுத்துக்கொண்டு வந்தேன். பழைய ஆணியிலேயே மாட்டினேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் பெயரைப் படித்துவிட்டு யார் என்று கேட்கிறார்கள். அண்ணன் என்கிறேன். தம்பிக்காகப் பெயர் வெட்டியே கொடுத்திருக்கிறாரே என்கிறார்கள்.