ரிவர்ஸ் கியரும் சேவியர் வண்டியும்

அரண்மனை யார் வண்டியில் போவது?

போன வாரம் எங்கள் வீட்டில் இதுதான் பெரிய பேச்சு. அரண்மனை என்றதும் மிரண்டுவிடாதீர்கள் பிள்ளைகளே. தெர்மோகோலும் அட்டையும் ஒட்டிச் செய்தது. ஐந்தாவது படிக்கிற என் மகள் தர்ஷினியும் அவள் கூட்டாளிகளும் மாட்டுங்காவில் ஒரு ஹாலில் தமிழ் நாடகம் போட இருந்தார்கள். அதற்கான அரண்மனையைத் தாராவியில் வைத்தே செய்துவிட்டார்கள். இனி அதை அங்கே கொண்டுபோக வேண்டும்.

நான் லாரி ஓட்டுகிறவன். அப்படியானால் யார் வண்டியில் போகும்? கேட்கவே வேண்டாம்... என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தர்ஷினி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கோவப்படாதீங்கப்பா. சேவியர் மாமாட்ட கேட்டுட்டோம். ஒங்க வண்டி ரிவர்ஸ் போட்டா கர்ருனு கத்துது. ஏக்தம், ஒரேயடியா ஆடுது. கோபுரம் ஒடைஞ்சிரும்லா?"

நான் சோற்றில் மோரை இரண்டு முறை ஊற்றிவிட்டேன்.

சேவியர் எங்கள் சந்திலேயே குடியிருக்கிறார். அவருக்கும் லாரி ஓட்டுகிற தொழில்தான். இதில் என்ன கொடுமை என்றால், அவர் வண்டியும் என் வண்டியும் ஒரே மாடல். தேவ்நாரில் ஒரே ஆளிடம், ஒரே நாளில், செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். எது வேண்டுமோ அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்று அவர் என்னிடம்தான் சொன்னார். நான் பெயின்ட் பளபளவென்று இருந்ததை எடுத்தேன்.

அவர் ரிவர்ஸ் போட்டால் தயிரில் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கும். நான் போட்டால் — கர்ர்ர்ரக்! தகரத்தை அரைத்த மாதிரி. எங்கள் சந்துக் குட்டிகள் அந்தச் சத்தத்தைத் தொண்டையாலேயே போட்டுக் காட்டுவார்கள். சில பேர் என் வண்டியைவிட நன்றாகவே போடுகிறார்கள்.

பொறாமை என்றால் என்ன என்று டீச்சர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்கிறேன், கேளுங்கள். பக்கத்து வண்டியில் சத்தம் வராதபோது நம் வயிற்றுக்குள் ஒரு சத்தம் வருமே — அதுதான்.

சும்மா இருந்தேனா? சேவியர் இல்லாத நேரம் பார்த்து அவர் வண்டிக்கு அடியில் குனிந்து, எங்கேயாவது ஆயில் சொட்டுகிறதா என்று பார்த்தேன். சொட்டவில்லை. என்ன ஆயில் வாங்குகிறார் என்று கடையில் விசாரித்தேன். நான் வாங்குகிற அதே ஆயில். அவர் கியர் கம்பியில் ஒரு ஜெபமாலை தொங்கும். நானும் என் கம்பியில் ஒரு முருகன் டாலரைத் தொங்கவிட்டேன். முருகன் பேசாமல் இருந்தார். கியர்தான் பேசியது.

அவரிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கலாம்தான்... யாரைப் பார்த்து வயிறு எரிகிறதோ அவரிடமே போய்ச் சந்தேகம் கேட்க எந்த மனுஷனுக்கு வாய் வரும்?

கடைசியில் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு செம்பூரில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் விளக்கினார். முன்னால் போகிற கியர்களில், சுற்றுகிற வேகத்தை ஒன்றுபோல ஆக்க ஒரு பித்தளை வளையம் இருக்கும். இந்த மாடலில் ரிவர்ஸுக்கு மட்டும் அது கிடையாது. கிளட்சை முழுக்க மிதித்தாலும் உள்ளே பல்சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அது நிற்பதற்குள் ரிவர்ஸைத் திணித்தால் பல்லோடு பல் மோதும். இப்படியே போனால் ஒருநாள் பல் உடைந்து, கியர் பாக்ஸையே இறக்க வேண்டி வரும்.

சரியாகப் பிரியாமல் இருந்த கிளட்சை அட்ஜஸ்ட் செய்தார். வண்டி நன்றாக நின்ற பிறகு, முதல் கியரை ஒருமுறை போட்டு எடுத்துவிட்டு ரிவர்ஸ் போடச் சொன்னார். போட்டேன். சத்தமே இல்லை. மறுபடியும் போட்டேன். இல்லை! தர்ஷினி கைதட்டினாள். அரண்மனை என் வண்டிக்கே வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

சாயங்காலம் எங்கள் சந்துக்குத் திரும்பினோம். அங்கே லாரியைப் பின்னால் எடுப்பது டிரைவர் வேலை மட்டும் இல்லை. டீக்கடைக்காரர், குடத்தோடு நிற்கிறவர்கள், வேலையில்லாமல் நிற்கிறவர்கள்... எல்லோரும் வந்துவிடுவார்கள். பின் பலகையைத் தட்டி, "ஆனே தே, ஆனே தே", வரட்டும் வரட்டும் என்று கை காட்டுவார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் நின்றது சேவியர். உதவி செய்யத்தான் வந்தார், பாவம். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. இப்போ பாரும் ஓய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கம்பியை இழுத்தேன்.

கர்ர்ர்ரக்.

குட்டிகள் பதில் சத்தம் கொடுத்தார்கள். மெக்கானிக் என்னை ஏமாற்றிவிட்டான் என்று கத்தினேன். தர்ஷினி என்னையே பார்த்தாள்.

"வண்டி நிக்கவே இல்லப்பா, அதுக்குள்ள போட்டுட்டீங்க. அங்க நல்லாத்தான போட்டீங்க? சேவியர் மாமா பாத்தா மட்டும் ஏன் இப்பிடி அவசரப்படுதீங்க?"

கிளட்சை மிதித்தேன். முதல் கியரைப் போட்டு எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பின்னால் பலகையைத் தட்டினார்கள், ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும்... பிறகு ரிவர்ஸ். மெதுவாக விழுந்தது.

இப்போது அரண்மனையை நம் வண்டியில் ஏற்றலாமா என்று கேட்டேன். முடியாதாம். மாமாவிடம் சொல்லியாயிற்றாம். சொன்ன சொல்லை மாற்றக் கூடாதாம். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நானேதான். சில நல்ல பாடங்களைக் கொஞ்சம் தள்ளிப்போட்டே சொல்லிக் கொடுக்க வேண்டும் போல!

ஞாயிற்றுக்கிழமை சேவியர் வண்டியில் அரண்மனை போனது. அதைப் பார்த்துக்கொள்ள தர்ஷினியும் அவர் வண்டியிலேயே ஏறிக்கொண்டாள். எனக்குக் கிடைத்தது பிளாஸ்டிக் நாற்காலிகள்.

ஹால் வாசலில் வண்டியை நிறுத்தினேன். முதல் கியரைப் போட்டு எடுத்தேன். பொறுத்தேன். ரிவர்ஸ் போட்டேன். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. பெருமையாக எட்டிப் பார்த்தால்... ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை. எப்படித் திரும்புவார்கள்? சத்தம் வந்தால்தானே! ஒழுங்காக நடக்கிற வேலையை யார் கவனிக்கிறார்கள்? யோசித்துப் பார்த்தால், சேவியர் ரிவர்ஸ் போட்டதற்கும் இத்தனை நாளாக யாரும் கைதட்டியதில்லை. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்தன்தான்.

அவர் வண்டியிலிருந்து அரண்மனையை இறக்கினார்கள். ஒரு கோபுரம் உடைந்திருந்தது. வழியில் ஒரு பள்ளம். நேராகப் போகும்போதே வண்டி அதில் இறங்கி ஏறியிருக்கிறது. தர்ஷினிக்குக் கண் கலங்கிவிட்டது. சேவியர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நம்பித் தந்தா அண்ணாச்சி, பிள்ள. ஒடைச்சிட்டேனே" என்றார்.

எவனுக்கும் நடக்கிறதுதான் என்று அவர் தோளைத் தட்டிவிட்டு, பசை வாங்க நான்தான் ஓடினேன். நானும் அவருமாகப் பிடித்து ஒட்டினோம். திரை விலகுவதற்குள் கோபுரம் நிமிர்ந்துவிட்டது.

கடைக்கு ஓடும்போது எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. தர்ஷினி தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், இந்த வரிக்கு வந்து சேர நாளாகும்... அதற்குள் நீங்கள் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.